குட்டி ரயில்களின் பெரிய சரித்திரம்

நமது சபை அங்கத்தினர்களில் ரயில்வேயில் பணி புரிந்தவர்களும், தகப்பனாரோ மாமனாரோ ரயில்வேயில் இருந்தவர்களும் அநேகம். ஆகவே ரயிலைப் பற்றி எழுதினால் படிக்க ஆள் இருக்கும் என்ற தைரியத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆனால் இது நாம் ரிசர்வேஷன் செய்து ஏறும் ரயிலைப் பற்றியது அல்ல. குதிரை மீது உட்காருவது போல இரு பக்கமும் காலைப் போட்டுக்கொண்டு, முழங்கால் உயரம் கூட இல்லாத நிஜமான நீராவி எஞ்சின் இழுத்துச் செல்லப் பெரியவர்களும் குழந்தைகளும் பிரயாணம் செய்யும் குட்டி ரயில்களைப் பற்றியது. ஓய்வு பெற்ற பிறகு சிலர் க்ஷேத்ராடனம் செல்வார்கள், சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். நான் அவற்றோடு கூட, போகிற ஊரில் இப்படிப்பட்ட ரயில் எங்கேனும் உண்டா என்று விசாரித்துப் போய்ப் பார்ப்பதையும் ஒரு வழக்கமாக்கிக் கொண்டேன்.

பொம்மை ரயிலா, மினியேச்சர் ரயிலா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் ஊட்டி ரயிலையும் டார்ஜிலிங் ரயிலையும் பத்திரிகைகள் 'பொம்மை ரயில்' என்று எழுதுகின்றன. இது சரியல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறும் நீலகிரி மலை ரயில், 1899ல் குன்னூர் வரையிலும் 1908ல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கியது. அதன் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். அதாவது நம் பெரியவர்கள் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்குப் போன அதே மீட்டர் கேஜ்தான். 1881ல் தொடங்கிய டார்ஜிலிங் ரயிலும், 1907ல் தொடங்கிய மாத்தேரான் ரயிலும் இரண்டடி இடைவெளி கொண்டவை. இவையெல்லாம் சிறிய தண்டவாளத்தில் ஓடும் முழுமையான ரயில்கள். இவற்றில் டிரைவர் எஞ்சினுக்கு உள்ளே நின்று வேலை செய்வார்.

மினியேச்சர் ரயில் என்பது பெரிய எஞ்சினை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்தது. டிரைவர் எஞ்சினுக்குள் நுழைய முடியாது. பின்னால் உள்ள நிலக்கரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, குனிந்து, கையை நீட்டி ஓட்ட வேண்டும். தண்டவாள இடைவெளி 15 அங்குலம், 10¼ அங்குலம், 7¼ அங்குலம், 5 அங்குலம், 3½ அங்குலம் என்று இறங்கிக்கொண்டே போகும். 5 அங்குலம் என்றால் 127 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. அந்தத் தண்டவாளத்தின் மீது ஓடும் எஞ்சின் ஏழெட்டுப் பெரியவர்களை இழுக்கிறது என்றால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

ஒரு பிரபுவின் தோட்டத்தில் பிறந்தது

இதற்கு மூலபுருஷர் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஆர்தர் ஹேவுட் என்பவரைச் சொல்ல வேண்டும். டெர்பிஷைர் பகுதியில் டஃபீல்ட் பேங்க் என்ற தன் பங்களாத் தோட்டத்தில் 1874ல் 15 அங்குல ரயில் பாதை போடத் தொடங்கினார். பொழுதுபோக்குக்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. பெரிய பண்ணைகளிலும், போர்க்களத்தில் சாமான்கள் கொண்டு செல்வதற்கும் பயன்படும்படியான மிகச் சிறிய ரயில் எது, அதற்கும் கீழே போனால் பயன் இல்லை என்ற எல்லை எது என்பதைப் பரீட்சித்துப் பார்த்தார். ஒரு மனிதன் கவிழாமல் உட்கார்ந்து போக 15 அங்குலமே குறைந்தபட்சம் என்று முடிவு செய்து, 1881ல் புத்தகமாகவும் வெளியிட்டார். ராணுவம் அவர் யோசனையை ஏற்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் ஈட்டன் ஹால் மாளிகைக்கு மட்டும் நிலக்கரியும் செங்கலும் கொண்டு செல்ல 1896ல் அப்படியொரு பாதை அமைந்தது.

பயனுக்காகப் பிறந்த அந்தக் குட்டி ரயிலை உல்லாச ரயிலாக மாற்றியவர்கள், நார்தாம்ப்டன் நகரத்துப் பொம்மை வியாபாரி பாசெட்-லோக் என்பவரும், ஹென்றி கிரீன்லி என்ற எஞ்சினியரும். 1905ல் பிளாக்பூல் கடற்கரையில் 'லிட்டில் ஜயன்ட்' என்ற 15 அங்குல எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். 1911 மே மாதம் வேல்ஸ் நாட்டில் ரில் என்ற கடற்கரை ஊரில் ஏரியைச் சுற்றி ஒரு பாதை திறக்கப்பட்டது. பிரிட்டனில் மிகப் பழைய மினியேச்சர் ரயில் என்று அதைச் சொல்கிறார்கள். இரும்புத் தாது ஏற்ற 1875ல் மூன்றடி இடைவெளியில் போட்டு, நஷ்டப்பட்டு மூடிக் கிடந்த ரேவன்கிளாஸ் பாதையை 1915ல் 15 அங்குலமாக மாற்றியவர்களும் பாசெட்-லோக்கும் அவர் கூட்டாளிகளுமே. அந்தப் பாதை நூறாண்டு தாண்டியும் நிலைத்து நிற்கிறது.

இந்த வரிசையில் தலைசிறந்தது கென்ட் மாவட்டக் கடற்கரையில் உள்ள ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்வே. கார் பந்தய வீரர்களான இரண்டு செல்வந்தர்கள் சேர்ந்து கனவு கண்ட ரயில் இது. அவர்களில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற பிரபு இரண்டு எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, 1924ல் இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் விபத்தில் மாண்டார். மற்றவரான கேப்டன் ஹோவி அந்த வேலையைக் கைவிடாமல் நடத்தி 1927 ஜூலை 16ஆம் தேதி ரயிலைத் திறந்தார். அடுத்த ஆண்டு டன்ஜனஸ் முனை வரை நீட்டி, 13½ மைல் இரட்டைப் பாதையாக்கினார். நிஜ எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு அளவு. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இதை எடுத்துக்கொண்டு, கவசத் தகடு பொருத்திய குட்டி ரயிலைக் கடற்கரைக் காவலுக்கு ஓட்டியது. பின்னாளில் 2015 வரை பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தினமும் ஏற்றிச் சென்றது. நான் அதில் பிரயாணம் செய்தபோது கவனித்தது இதுதான்: சிக்னல், கார்டு, கால அட்டவணை, டிக்கெட்டில் துளை போடுவது என்று எதிலும் 'இது சிறியதுதானே' என்ற அலட்சியம் கிடையாது.

வீட்டுப் பட்டறையில் எஞ்சின்

பிரபுக்களும் கம்பெனிகளும் செய்ததைச் சாதாரண மத்தியதர மக்கள் எப்படிச் செய்தார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லண்டனில் 1898ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் சங்கமும் அமைந்தது. ஆனால் 1920 வரை சிறிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கில் நீர் கொதிக்க வைத்து, தன்னையே இழுத்துக்கொள்ளும் விளையாட்டுச் சாமான்களாகவே இருந்தன.

அதை மாற்றியவர் எல்.பி.எஸ்.சி. என்ற ரயில்வே கம்பெனியின் முதலெழுத்துக்களையே புனைபெயராக வைத்துக்கொண்ட லாரன்ஸ் என்பவர். நிஜ எஞ்சினைப் போலவே நெருப்புப் பெட்டியும் புகைக் குழாய்களும் வைத்து, நிலக்கரி எரித்தால் சின்னஞ்சிறு எஞ்சினும் மனிதனை இழுக்கும் என்று அவர் வாதாடினார். பாசெட்-லோக் தரப்பினர் மறுத்தனர். 1922ல் தொடங்கிய இந்தச் சர்ச்சைக்குக் 'கொதிகலன் யுத்தம்' என்றே பெயர். லாரன்ஸ் தம் வீட்டில் செய்த 'ஆயிஷா' என்ற 2½ அங்குல எஞ்சின், ஆட்களை இழுத்துக் காட்டி வழக்கைத் தீர்த்தது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அவர் வாராவாரம் எழுதினார். லேத் மெஷின் ஒன்று இருந்தால், மளிகைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் கூடச் செய்யும்படி ஒவ்வொரு திருகாணியையும் விளக்கி எழுதினார். ஓர் எஞ்சினை முடிக்க மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்பவருக்கு ஐந்தாண்டும் ஆகும், பத்தாண்டும் ஆகும்.

அமெரிக்காவிலும் இந்தப் பைத்தியம் பரவியது. மிக்கி மவுஸைப் படைத்த வால்ட் டிஸ்னி, 1950ல் தம் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலப் பாதை அரை மைல் போட்டு, மனைவியின் பெயரால் 'லில்லி பெல்' என்று எஞ்சினுக்குப் பெயர் வைத்து ஓட்டினார். 1955ல் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றி ரயில் ஓடியதற்கு அந்த ஆசையும் ஒரு காரணம்.

சுருக்கினால் சுருங்காதவை

நான் பௌதிகம் படித்தவன். ஆகவே 'பெரியதைச் சிறியதாகச் செய்தால் ஆயிற்று' என்று விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 5 அங்குல எஞ்சின் நிஜத்தில் சுமார் பதினொன்றில் ஒரு பங்கு. நீளம் 11 மடங்கு குறைந்தால் பரப்பு 121 மடங்கும், கன அளவும் எடையும் 1331 மடங்கும் குறையும். 100 டன் எஞ்சின் சுமார் 75 கிலோவாகிவிடும். ஆனால் நீராவி பிஸ்டனைத் தள்ளும் விசை பரப்பைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. பெரிய எஞ்சின் 10 டன் இழுவிசை தருமானால் சிறியது, நீராவி அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும், 40 கிலோ விசை தரும். 75 கிலோ எடைக்கு இது மிக அதிகம்.

ஆனால் அதை முழுவதும் பயன்படுத்த முடியாது. இயக்கும் சக்கரங்கள் மீது விழும் பாரம் 50 கிலோ என்று கொண்டால், வழுக்காமல் பற்றும் பிடிப்பு அதில் கால் பங்கு, அதாவது 12 கிலோதான். அதற்கு மேல் ரெகுலேட்டரைத் திறந்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். சமதளத்தில் ஒரு கிலோ விசை சுமார் 50 கிலோ பாரத்தை உருட்டும். எனவே 12 கிலோ விசை 600 கிலோவை நகர்த்தும். வண்டிகளின் எடையைக் கழித்தால் ஏழெட்டுப் பெரியவர்கள். குட்டி எஞ்சின் யானைப் பலம் காட்டும் ரகசியம் இதுவே.

இதற்கு நேர்மாறான கஷ்டமும் உண்டு. கொதிகலனின் கன அளவோடு ஒப்பிட்டால் அதன் வெளிப்பரப்பு 11 மடங்கு அதிகம். ஆகவே உஷ்ணம் உடனே வெளியேறும். பெரிய எஞ்சினில் ஃபயர்மேன் கொஞ்ச நேரம் அசந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் இரண்டு நிமிஷம் பராக்குப் பார்த்தால் நெருப்பு அணைந்துவிடும். புகைக் குழாய்களை அதே விகிதத்தில் மெல்லியதாக்கினால் கரி அடைத்துவிடும் என்பதால், எண்ணிக்கையைக் குறைத்துச் சற்று அகலமாக வைக்கிறார்கள். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை மிகவும் மெல்லியதாக வைத்தால், நுண்குழாயில் நீர் தானாக மேலேறும் குணத்தால் பொய் மட்டம் காட்டும். கொதிகலனில் நீர் வற்றியிருக்கக் கண்ணாடியில் நீர் தெரியும், அது ஆபத்து. இயற்கை விதிகளை விகிதப்படி சுருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நம் வீட்டுக் குக்கரில் காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான். இந்தச் சிறு கொதிகலன்களில் ஐந்தரை முதல் ஏழு கிலோ வரை இருக்கும். எனவே அங்குள்ள சங்கங்கள் கண்டிப்பானவை. புதுக் கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தின் இரு மடங்கு வரை ஏற்றிப் பரீட்சிக்கிறார்கள். பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அது இல்லாத எஞ்சினை, செய்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், தண்டவாளத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பூங்காவில் இப்படியொரு சங்கம் ரயில் ஓட்டியது. எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஓவரால் அணிந்து தம் எஞ்சினுக்கு நெருப்பு மூட்டினார். மண்ணெண்ணெயில் நனைத்த மரக்கரியைப் பற்ற வைத்து, புகைபோக்கியின் மேல் ஒரு சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை இழுத்து, பிறகு நிலக்கரி போட்டார். அரை மணியில் நீராவி தயார். நிலக்கரி போடும் மண்வெட்டி நம் பஞ்சபாத்திர உத்தரணியை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. அருகில் நின்ற என் பேரனிடம் அதைக் கொடுத்து, "எங்கே இருட்டாகத் தெரிகிறதோ அங்கே போடு" என்றார். நெருப்பின் முகத்தைப் படிக்கும் வித்தையை ஆறு வயதுப் பையனுக்கு அவர் கற்றுக்கொடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

நம் நாட்டில்

பாரத தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. பரோடாவில் லக்ஷ்மி விலாஸ் அரண்மனை வளாகத்துக்குள் கெய்க்வாட் மன்னர் குடும்பக் குழந்தைகளுக்காக ஒரு குட்டி ரயில் பாதை போடப்பட்டது. அரண்மனையைச் சுற்றி வந்து மோதிபாக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை இறக்கிவிடுவது அதன் வேலை. அந்தப் பள்ளிக்கூடக் கட்டிடமே பிற்பாடு மியூசியமாயிற்று. அதே பரோடா சமஸ்தானத்தில்தான் 1862ல் டபோய்க்கும் மியாகாமுக்கும் இடையே முதலில் மாடுகளைப் பூட்டி நாட்டின் முதல் குறுகிய ரயில் பாதையில் வண்டி இழுத்தார்கள்.

டில்லியில் 1977 பிப்ரவரி 1ஆம் தேதி திறந்த தேசிய ரயில் மியூசியத்தில் குழந்தைகளுக்கான ரயிலைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயில். 1907ல் தொடங்கியது. ஒரே தண்டவாளத்தின் மீது சிறு சக்கரங்கள், கவிழாமல் இருக்க ஒரு பக்கம் சாலையில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று. ஜெர்மனியில் செய்த நீராவி எஞ்சின். 1927ல் நின்று போன இந்த ரயிலின் எஞ்சின் பழைய இரும்பாகக் கிடந்தபோது 1962ல் கண்டெடுத்துச் சீர் செய்தார்கள். கண்டெடுக்க ஓர் ஆள் இல்லாதிருந்தால் அதுவும் உருக்கு உலைக்குப் போயிருக்கும். பூனாவில் 1998ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியமும் ஒரு தனி மனிதரின் ஆர்வத்தில் உண்டானது. ஆனால் அது பார்ப்பதற்கான மாதிரி, ஏறிப் போவதற்கானது அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவிதாங்கூருக்கு ரயில் வந்ததே தாமதம். கொல்லம் முதல் புனலூர் வரை 1904 ஜூன் மாதமும், செங்கோட்டை வரை முழுவதுமாக அதே ஆண்டு நவம்பர் 26ஆம் தேதியும் பிரயாணிகள் ரயில் ஓடியது. திருவனந்தபுரம் வரை நீண்டது 1918ல். அப்போது ரயில் கடற்கரையை ஒட்டிய சாக்கா பக்கமே வந்து நின்றது. நகரத்துக்குள் தம்பானூர் நிலையம் வந்தது 1931 நவம்பரில். அதற்குத் தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில், கன்யாகுமரிக்குப் பாதை திறந்தது 1979 ஏப்ரலில். ஆகவே ஆரியங்கோடு போன்ற எங்கள் எல்லையோரக் கிராமத்து ஜனங்கள் பக்கத்தில் ரயில் பார்ப்பதற்கு, கொல்லத்துக்காரர்களை விட 75 ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். நான் காலேஜில் படித்த நாளில் திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் போய், தம்பானூரில் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிப்பதைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதுண்டு. 1976ல் அங்கே அகலப் பாதை வந்தது. மீட்டர் கேஜும் அதன் எஞ்சின்களும் போயின. மலை வழியே எஞ்சியிருந்த புனலூர் - செங்கோட்டைப் பகுதியும் 2010ல் மூடப்பட்டு, அகலப் பாதையாக 2018ல் திறந்தது.

அந்தச் சாக்காவுக்கு அருகிலேயே, வேளி சுற்றுலா கிராமத்தில், 2020 நவம்பர் 2ஆம் தேதி கேரள முதலமைச்சர் ஒரு மினியேச்சர் ரயிலைத் தொடங்கி வைத்தார். இரண்டரை கிலோமீட்டர் பாதை, ஒரே சமயத்தில் சுமார் 45 பேர் ஏறும்படி மூன்று பெட்டிகள், சுமார் 10 கோடி ரூபாய் செலவு. சூரிய சக்தியில் ஓடும் நாட்டின் முதல் மினியேச்சர் ரயில் என்று அறிவித்தார்கள். பக்கத்தில் தும்பா. 1963 நவம்பர் 21ஆம் தேதி நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். விஞ்ஞானத்துக்கும் காயலுக்கும் நடுவில் குட்டி ரயில் என்பது பொருத்தமான யோசனையே.

ரயிலின் முகப்பு பழங்கால நீராவி எஞ்சின் போலவே செய்யப்பட்டது. புகைபோக்கியிலிருந்து செயற்கைப் புகையும் வரும். பேரன் பேத்திகளோடு நான் போயிருந்தேன். இங்கிலாந்தில் நிலக்கரி போட்ட அந்தப் பேரன் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல நெருப்பு எங்க இருக்கு?" என்று கேட்டான். "நெருப்பு மேலே வானத்துல இருக்குடா" என்று சூரியனைக் காட்டினேன். அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் தங்கை புகையைக் காட்டி, "அப்ப இந்தப் புகை எதுக்கு?" என்று கேட்டபோது சற்று யோசிக்க வேண்டியதாயிற்று. "பழைய ரயில் இப்படித்தான் இருந்ததுன்னு காட்டறதுக்கு" என்றேன்.

காட்டினால் போதுமா?

சூரிய சக்தி ரயிலை நான் குறை சொல்லவில்லை. காயல் கரையில் நிலக்கரிப் புகை விடுவது தகாது. வெள்ளைக்காரர்களுக்கே இப்போது நிலக்கரி கிடைப்பது சிரமம். வேல்ஸில் நீராவி நிலக்கரி கொடுத்து வந்த ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. இறக்குமதி நிலக்கரியும், தயாரித்த எரிபொருள் உருண்டைகளும் போட்டு அவர்கள் சமாளித்து வருகிறார்கள். என் ஆதங்கம் வேறு. நீராவி எஞ்சின் எப்படி இருந்தது என்பதை ஒரு முகப்பும் கொஞ்சம் புகையும் காட்டிவிடும். எப்படி வேலை செய்தது என்பது, வேலை செய்யும் ஒன்றைத் தொட்டுப் பார்த்தவனுக்கே தெரியும். உருவம் மட்டும் மிஞ்சி வித்தை போய்விட்டால், இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்தப் புகை எதற்கு என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பிரிட்டனில் இந்த வித்தை பிழைத்ததற்குக் காரணம் அரசாங்கம் அல்ல. 1951ல் வேல்ஸில் டாலிலின் என்ற நலிந்த சிறு ரயிலைச் சம்பளம் வாங்காத தொண்டர்கள் எடுத்து நடத்தினார்கள். உலகிலேயே அதுதான் முதல். அவர்களில் பலருக்கும், பூங்காக்களில் ஞாயிறுதோறும் குட்டி எஞ்சின் ஓட்டுபவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஜனங்கள்தான். நம் நாட்டில் ரயில் முழுவதும் சர்க்கார் சொத்து. அகலப் பாதையில் நீராவி 1995 டிசம்பர் 6ஆம் தேதியோடு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர் கேஜிலும் நின்றது. லோகோ ஷெட்டுகள் மூடியவுடன் அங்கே வேலை தெரிந்தவர்கள் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறினார்கள், அல்லது பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப் நீலகிரி ரயிலுக்காகப் புதிய எஞ்சின்களைச் செய்தது. முதலில் எண்ணெயில் எரிபவை. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் எரியும் எஞ்சினையும் செய்து மேட்டுப்பாளையம் அனுப்பியது. இருபத்தோராம் நூற்றாண்டில் புது நீராவி எஞ்சினைத் தானே கட்டிய ஒர்க்ஷாப்புகள் உலகில் அபூர்வம். அதற்கு முன் பெரம்பூரில், 1855ல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினை 2010ல் உயிர்ப்பித்தார்கள். அது 2019 பிப்ரவரியில் கொச்சிக்கு வந்து, எர்ணாகுளத்திலிருந்து ஹார்பர் டெர்மினஸ் வரை ஓடியபோது பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, நம் சபையில் லோகோ ஷெட்டிலும் ஒர்க்ஷாப்பிலும் பணி புரிந்த பெரியவர்கள் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். நெருப்பின் நிறத்தை வைத்து நீராவி எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கட்டும். 'எந்த ஸ்டேஷனில் இருந்தேன்' என்று கேட்பதோடு நிற்காமல், 'என்ன செய்தேன், எப்படிச் செய்தேன்' என்று கேட்க வேண்டும். காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தது முதல் எஞ்சின் கிளம்பும் வரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் போதும்.

இரண்டாவது, பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் பிள்ளைகள் ப்ராஜெக்ட் என்று கடையில் வாங்கி ஒப்பிப்பதை விட்டு, ஒரு 5 அங்குல எஞ்சினைக் கூட்டாகச் செய்யலாம். சட்டம் குறுக்கே நிற்குமோ என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தில் 2007ல் செய்த திருத்தப்படி, 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவை அதன் வரையறையில் சேரவில்லை. இந்த எஞ்சின்களின் கொதிகலனில் சில லிட்டர் நீரே பிடிக்கும். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025ல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது. செய்ய முனைபவர்கள் அதை முதலில் படித்துக்கொள்வது முறை. சட்டம் கேட்காவிட்டாலும், மேலே சொன்ன நீர்ப் பரீட்சையைச் செய்யாமல் எந்தக் கொதிகலனுக்கும் நெருப்பு வைக்கக்கூடாது. தாமிரத் தகட்டை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைக்கும் கை நம் பாத்திரத் தொழிலாளிகளிடமும் நகைத் தொழிலாளிகளிடமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

மூன்றாவது, போய்ப் பாருங்கள். வேளிக்குப் போகுமுன் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஊட்டிக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் ரயில் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போய், குழந்தைகளை எஞ்சின் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். செல்ஃபி எடுத்து முடிந்ததும், நீர்மட்டக் கண்ணாடி எங்கே, ரெகுலேட்டர் எங்கே என்று டிரைவரைக் கேளுங்கள். நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர்கள் சந்தோஷமாகவே காட்டினார்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் அவர்களுடைய குறை. மகன், மகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் மூன்று மாதம் போய் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல், பக்கத்துப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை குட்டி ரயில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் இத்தகைய சங்கங்கள் உண்டு. வயதானவர்களை அங்கே மரியாதையாக நடத்துகிறார்கள், ஏனெனில் அங்கே வேலை செய்பவர்களும் பெரும்பாலும் நம் வயதுக்காரர்களே.

ஷெட்டில் பணி புரிந்த அன்பர்கள் யாரேனும் தம் அனுபவத்தை இந்த இதழுக்கு எழுதி அனுப்பினால், அதைப் படிப்பவர்களில் முதல் ஆளாக நான் இருப்பேன்.